காவலனைக் கூப்பிடு

"சாவி எங்கப்பா கையிலதானே இருக்கு? அப்புறம் எதுக்கு அவரு ராஜாகிட்டப் போய்க் கேக்குறாரு?"

ஒத்திகைக் கூடத்தின் மூலையில் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த குழந்தை கேட்ட கேள்வி அது. நாடகத்தில் வாசல் காவலனாக நடிக்கும் வேன்காரரின் மகள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று அப்பாவோடு ஒத்திகைக்கு வந்திருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாடகத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்து, பரீட்சையில் எழுதி, பழைய குழுக்கள் போட்டதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் அவர்கள். ஒருவருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த டீ ஆறும்வரை அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தின் கதை இதுதான். வெள்ளத்தில் ஊரை இழந்த ஜனங்கள் கோட்டை வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே தானியம் குறைவு. தூதன் வந்து, "அரசே, வாசலில் ஜனம் நிற்கிறது" என்கிறான். "காவலனைக் கூப்பிடு" என்கிறான் அரசன். வாசல் காவலன் வந்து ஜனங்களுக்காக வாதாடுகிறான். அரசன் அசைந்து கொடுக்கவில்லை; காவலனைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். பொழுது சாய்கிறது. தூதன் மறுபடியும் வந்து, அட்சரம் பிசகாமல் அதே வார்த்தைகளைச் சொல்கிறான். இந்தத் தடவை அரசன், "நிற்கட்டும்" என்கிறான். அதைக் கேட்ட காவலன் பேசாமல் போய்க் கதவைத் திறந்துவிடுகிறான். அதற்கு விலையாகத் தன் உயிரைக் கொடுக்கிறான்.

குழந்தையின் கேள்வி டைரக்டரின் தலைக்குள் போய்க் குடியேறிவிட்டது. குழுவில் அவருக்குக் கத்தரி என்று பெயர். எதைக் கையில் எடுத்தாலும் வெட்டுவார். மறுநாள் வந்தவர் முதலில் மேடையை வெட்டினார். பிறகு திரை, அரிதாரம், பின்னணி இசை. கடைசியில் அரசனின் கிரீடத்தையும் வெட்டினார். எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. பழைய ஐஸ் தொழிற்சாலை ஒன்றைப் பிடித்து, நடுவில் கடைகளுக்குப் போடும் மடக்கு இரும்புக் கதவு ஒன்றை நிறுத்தினார். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கதவுக்கு உள்ளே அரசனோடு உட்காருவார்கள். மீதிப் பேர் வெளியே, ஜனங்களின் பக்கம். காவலன் நிஜச் சாவியோடு அவர்களுக்கு நடுவில் நிற்பான். விளக்கு மாற்றம் எதுவும் கிடையாது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை டியூப்லைட்.

"வெளியில உக்கார்றவங்களுக்கு அரை டிக்கெட்டா சார்?" என்று கேட்டாள் தூதனாக நடித்த பெண். மூச்சுவிடாமல் பேசுவதால் அவளுக்குத் தந்தி என்று பெயர்.

"இன்னும் கொஞ்ச நாள் போனா நம்மளையும் வெட்டிட்டு, இந்தச் சுவத்தை மட்டும் நடிக்க விட்டுடுவாரு பாரு," என்றார் வேன்காரர்.

கத்தரி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசனாக நடிக்க ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வந்ததுதான் அவர் செய்ததிலேயே பெரிய வெட்டு. குழுவினர் அவளை ராஜாக்கா என்றார்கள்.

ராஜாக்கா ஒரு காலத்தில் நல்ல நடிகை. புருஷன் போன சில வாரங்களிலேயே, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று மேடை ஏறினாள். நாடகத்தின் நடுவில் வசனம் நின்றுபோனது. வாய் திறந்தபடி நின்றாள். பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தார்கள். அது காதில் விழுந்தது, வாய்க்கு வரவில்லை. திரையை இழுத்து மூடினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. தோளைத் தட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மறதிக்காரி என்ற பெயர் மட்டும் அவளுக்கு முன்னால் எல்லா ஒத்திகைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேஜையில், வருகிறவர்களின் பெயரைக் கேட்டு உட்காரவைத்துக்கொண்டு பல வருஷம் கழித்தாள். அங்கே பல் பிடுங்க வந்த கத்தரி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "நீங்க ராஜாவா வருவீங்களா?" என்று கேட்டார். குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். இந்த ஒரு நாடகம் பிசகாமல் போனால் போதும் என்பதே அவளுடைய பிரார்த்தனை.

முதல் நாள் காட்சி.

பழைய முறையில் நடித்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. தூதன் முதல் தடவை வரும்போது அரசன் தலையில் கிரீடம் இருக்கும். இரண்டாம் தடவை இருக்காது. முதலில் நின்றிருப்பான், பிறகு உட்கார்ந்திருப்பான். வெளிச்சம் மஞ்சளாகியிருக்கும். நடிக்கிறவனுக்கு வசனம் மனதில் மட்டும் இருப்பதில்லை. தலையின் பாரத்திலும், கால் நிற்கிற இடத்திலும், முகத்தில் விழுகிற வெளிச்சத்திலும்கூட இருக்கிறது. கத்தரி அதையெல்லாம் வெட்டிவிட்டார். இரண்டு தடவையும் ஒரே சட்டை, ஒரே நாற்காலி, ஒரே டியூப்லைட். தூதன் சொல்வதும் ஒரே வாக்கியம்.

"அரசே, வாசலில் ஜனம் நிற்கிறது," என்றாள் தந்தி.

"நிற்கட்டும்," என்றாள் ராஜாக்கா.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. காவலனைக் கூப்பிட வேண்டிய இடம். அவனுடைய வாதம் முழுவதையும் ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டாள். தந்தியின் கண்கள் அகலமாகத் திறந்தன. முன்வரிசையில் ஒருவர் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்தான் அப்போது பெரிதாகக் கேட்டது.

வேன்காரர் கதவருகே நின்றிருந்தார். நாடகம் முழுவதிலும் அவருக்கு இருந்த பேச்சு அந்த ஒரு வாதம்தான். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனை ஓட்டிக்கொண்டு வரும்போது உரக்கச் சொல்லிப் பழகிய வசனம். அவர் நினைத்திருந்தால், "அரசே, ஒரு வார்த்தை" என்று நடுவில் நுழைந்து அதைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் கிழிந்த இடம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். அவர் ராஜாக்காவை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி, சாவியைப் பூட்டில் போட்டார். கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை அறியாமலே எழுந்துவிட்டார்கள்.

காட்சி முடிந்ததும் அவள் வேன்காரரைத் தேடிப் போனாள்.

"தம்பி, உங்க பேச்சை நான்..."

"விடுங்கக்கா. வேன்ல போறப்போ தினமும் ஒரு பய இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் முழிச்சுப் பாப்பான். வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடுறதில்லையா? நாளைக்குச் சொல்லிக்கலாம்." பக்கத்தில் நின்ற தந்தியின் பக்கம் திரும்பினார். "நீ வாயைத் திறந்தே, அப்புறம் வேன்ல ஏத்த மாட்டேன். நடந்துதான் போகணும்."

"நான் என்ன சொல்லப்போறேன்? எனக்கு என்ன தெரியும்? நான் எதையும் பாக்கவே இல்ல. நான் அந்தப் பக்கமே வரல," என்று தந்தி அதையும் நீட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் சொல்லிக்கொள்ள முடியவில்லை. காலையில் பத்திரிகையில் விமர்சனம் வந்துவிட்டது. 'நாம் மனப்பாடமாய் அறிந்த அந்த வாதத்தை நீக்கிவிட்டு, காவலனை மௌனியாக்கியதுதான் இந்தத் தயாரிப்பின் உச்சம்' என்று எழுதியிருந்தார்கள். கத்தரி அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நேராக ராஜாக்காவிடம் போனார்.

"அக்கா, அந்த இடத்துல நீங்க எடுத்தீங்க பாருங்க ஒரு முடிவு! எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். தோணல. உங்களுக்குத் தோணிச்சு. குழந்தை கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். சாவி கையில இருக்குறவன் எதுக்குப் பேசணும்?"

அவள் வாய் திறந்தாள்.

"இனிமே அப்படியே போவோம். அடுத்த வருஷ நாடகத்துலயும் நீங்கதான். அம்மா வேஷம். நாடகம் பூரா நீங்கதான் பேசப்போறீங்க," என்று சொல்லிவிட்டுக் கத்தரி நாற்காலிகளை நகர்த்தப் போய்விட்டார்.

அவள் திறந்த வாயை மூடினாள். சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வேன்காரரிடம் கத்தரியே விஷயத்தைச் சொன்னார். "சரி சார்," என்றார் அவர். சாவியை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே, "பேசாம இருக்கறதுக்கு வீட்ல ஏற்கெனவே நல்ல பழக்கம் இருக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

காட்சிகள் ஓடின. ஒவ்வொரு காட்சியிலும் அவர் கதவைத் திறந்தார், செத்தார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் நல்லதில் பெரும்பகுதி இப்படித்தான் சத்தமில்லாமல் நடந்து, எந்தக் கணக்கிலும் ஏறாமல் போய்விடுகிறது. வாங்கிக்கொண்டவர் மனதில் மட்டும் அது உட்கார்ந்துகொண்டு, எழுந்து போக மறுக்கும்.

கடைசிக் காட்சி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அதற்கு முந்தைய காட்சிக்கு முன்னால், இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வேன்காரர் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வராருக்கா."

அவருடைய அண்ணனைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். துணிக்கடையில் மேலாளர். தம்பி நாடகத்துக்குப் போவது அவருக்கு ஆகாது. வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற காரியம் என்பார். கட்டிய மனைவியும், ஓட்டுகிற வேனும் இருந்தும் தம்பி இன்னும் பொறுப்பாகவில்லை என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

"வரமாட்டார்னு சொன்னீங்களே?"

"எங்க அண்ணி இழுத்துட்டு வராங்க. போன்ல கேட்டார், என்ன வேஷம்னு. வாசல் காவக்காரன்னேன். அதுக்குப் பேச்சு உண்டா, சும்மா நிக்கறதான்னு கேட்டார். உண்டுன்னே, நல்ல பேச்சுன்னேன். இது ஒத்திகை சமயத்துல." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "அப்புறம் மாறிப்போச்சுன்னு சொல்லல. எதுக்கு? வந்து பாத்துட்டுப் போகட்டும். கதவு திறக்கறதுக்குத்தான் இத்தனை நாள் போனியான்னு கேப்பார். கேட்டா கேட்டுட்டுப் போறார். அண்ணன்தானே."

சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

அன்றே கத்தரியிடம் போனாள்.

"அந்த வாதத்தைக் கடைசிக் காட்சியில மட்டும் திரும்ப வைக்கலாமா?"

"ஏன்க்கா?" கத்தரிக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதைப் பாக்கத்தானே இவ்வளவு ஜனம் வருது. அந்த மௌனத்தை."

"அன்னைக்கு அது நான் முடிவு பண்ணிச் செஞ்சது இல்ல. அது வந்து..."

அவருடைய போன் அடித்தது. அவர் கையைக் காட்டிவிட்டு நகர்ந்தார். அவள் அங்கேயே நின்றிருக்கலாம். போன் முடியும்வரை காத்திருந்து மீதியைச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவர் அந்தக் காட்சியைத் திரும்ப வைக்கமாட்டார் என்பதும் நிஜம். தப்போ சரியோ, பலித்துவிட்டதை வெட்டமாட்டார். ஆனால் போன் அடித்ததும் தன் நெஞ்சு லேசானதை அவள் கவனித்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய், வழக்கம்போல் விளக்கேற்றி உட்கார்ந்தாள். எதுவும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. கேட்டுப் பெற்றதெல்லாம் போதும், திருப்பிக் கொடுக்கத்தான் பாக்கி இருக்கிறது என்று பட்டது. அந்த மனிதர் அன்று காப்பாற்றிக்கொடுத்தது அவளுடைய பெயரை. அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்று யோசித்தாள். யோசிக்க அதிகம் இல்லை. நேர்மையாகப் பார்த்தால், கொடுப்பதற்கு அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிறைந்து வழிந்தது. இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கதவை ஒட்டிய நாற்காலியில், முழங்கால்களுக்கு நடுவே குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். காத்திருப்போர் வரிசையில் தன் முறைக்கு உட்கார்ந்திருப்பவரைப்போல முதுகு நிமிர்ந்திருந்தது. தம்பிக்கு இருக்கும் அதே அகலமான காது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ சொல்ல, அவர் திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டினார். வேன்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

தந்தி வந்து நின்றாள்.

"அரசே, வாசலில் ஜனம் நிற்கிறது."

ராஜாக்கா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஒத்திகையில் ஒப்புக்கொண்டதை மாற்றுவது தொழிலுக்குச் செய்கிற துரோகம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவளும் அதை நம்புகிறவள். மனதுக்குள் ஒரு தடவை கைகூப்பினாள்.

"காவலனைக் கூப்பிடு."

எப்போதும் நிற்காத தந்தியின் நாக்கு அன்று நின்றுபோனது. ராஜாக்கா அவளைப் பார்த்து இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, "கூப்பிடு" என்றாள். தந்தி திரும்பி, "காவலனே!" என்று குரல் கொடுத்தாள்.

வேன்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருடைய கண்கள் ராஜாக்காவின் முகத்தைத் தேடின. அவற்றில் இருந்தது நன்றி அல்ல. பதற்றம். ஐயோ, அக்காவுக்குத் தவறிப்போச்சே என்ற பதற்றம். அவளைத் தாங்கிப் பிடிக்கத்தான் அவர் கதவை விட்டு அவள் முன்னால் ஓடிவந்தார். மாற்ற வேண்டிய விளக்கு இல்லை, தூக்க வேண்டிய திரை இல்லை. எல்லாவற்றையும் வெட்டியிருந்ததால், வெட்டிய காட்சி திரும்பி வருவதைத் தடுக்கவும் அங்கே ஒன்றும் இல்லை.

முதல் வரிகளை அவசரமாகச் சொன்னார், ஓட்டையை அடைக்கிறவரைப்போல. பிறகு அந்த வசனம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"அரசே, நான் கணக்கு அறியாதவன். களஞ்சியத்தில் எத்தனை மூட்டை என்று சொன்னால் எனக்கு விளங்காது. வாசலில் எந்தெந்த முகம் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஒரு கிழவர் நின்றபடியே உறங்குகிறார். கம்பியைப் பற்றியிருப்பதால் விழவில்லை. தங்கள் கதவு இன்றுவரை அவருக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்."

வெளியே உட்கார்ந்திருந்த சிலர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவை கம்பியைப் பற்றியிருந்தன.

"உன் வேலை கதவைக் காப்பது," என்றாள் அரசனாக இருந்தவள்.

"காக்கிறேன், அரசே. அது யாரைக் காக்கிறது என்றுதான் கேட்க வந்தேன்."

கம்பிக்கு அந்தப் பக்கம் குடை கீழே சாய்ந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

காட்சி முடிந்து, கைதட்டலும் முடிந்து, அவள் சாம்பல் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது கத்தரி வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"என்னக்கா ஆச்சு?"

"பழைய வசனம் வந்துடுச்சு."

"மறந்துட்டீங்களா?"

அவள் சட்டையின் மடிப்பை நீவினாள். கத்தரி கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தானே திறந்து கொடுத்தார்.

"பரவால்ல. நல்லாத்தான் போச்சு. வேன்காரர் பிடிச்சுக்கிட்டார். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. அந்த அடுத்த நாடகம்... அது பூரா வசனம். இப்பவே முடிவு பண்ண வேணாம். பாப்போம், என்ன?"

"பாப்போம் சார்," என்றாள்.

இந்த வார்த்தையை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. முழுவதையும் குடித்தாள்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. வேன்காரர் பள்ளிக்கூட வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "ஏறுங்கக்கா, பஸ் ஸ்டாப்ல நிக்க வேணாம்," என்று கதவைத் திறந்தவர், மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. யாருக்கு மறக்கல? நானே போன வாரம் ஒரு பிள்ளைய வேற வீட்டு வாசல்ல இறக்கிவிட்டேன். பெத்தவங்களும் பாக்கல, அந்தப் பயலும் சொல்லல."

"சரி தம்பி," என்றாள்.

பின் இருக்கைகள் குழந்தைகளுக்கானவை. முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் அண்ணி. முன்னால் தம்பிக்குப் பக்கத்தில் அண்ணன், குடையை மடியில் கிடத்தியிருந்தார். வண்டி கிளம்பி இரண்டு திருப்பம் திரும்பியது.

"அவ்வளவும் மனப்பாடமா?" என்றார் தம்பியிடம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"எப்ப படிச்ச?"

"காலையில, வேன்ல வர்றப்போ."

இன்னும் கொஞ்சத் தூரம் போனது. அண்ணி மெல்ல, "அழுதார்," என்று ராஜாக்காவின் காதில் சொன்னாள். "கண்ணுல தூசின்னு சொல்றார்."

சிக்னலில் வண்டி நின்றபோது அண்ணன் உடம்பைத் திருப்பி, பின்னால் பார்த்தார். பேசிப் பழக்கமில்லாதவர்களிடம் பேசும்போது வருகிற அதிக மரியாதையோடு ஆரம்பித்தார்.

"நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாதும்மா. நடுவுல உங்களுக்கு வசனம் தவறிப்போச்சுன்னு அங்க பேசிக்கிட்டாங்க."

"அண்ணே, விடுங்களேன்," என்றார் வேன்காரர்.

"இருடா. குத்தமா சொல்லல." மறுபடி அவளிடம் திரும்பினார். முகத்தில் ஒரு பெருமை, அதை மறைக்கத் தெரியாத ஒரு சங்கடம். "ஆனா பாருங்க, சட்டுனு உள்ள வந்து எப்படிச் சமாளிச்சுட்டான்!"

ராஜாக்கா வேன்காரரின் பிடரியைப் பார்த்தாள். வெட்கத்தில் அவருடைய அகலமான காதுகள் சிவந்திருந்தன.

"ஆமாங்க," என்றாள். "நல்லாச் சமாளிச்சார்."

விளக்கு பச்சையாயிற்று. வண்டி நகர்ந்தது.